இறங்கினவனுக்கு ஒரு கேள்வி

1

1985ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். வெப்பம் பன்னிரண்டு பாகை. குடை பிடித்தால் கூச்சம், பிடிக்காவிட்டால் தடிமன் என்ற அளவில் ஒரு தூறல். நேரத்தை நான் பிறகு ஊகித்து எழுதவில்லை. பின்னால் வந்த வண்டியின் சுழல்விளக்கு எங்கள் காரின் உள்கூரையில் சிவப்பாக அடித்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகமான திருகோணமலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவனுக்கு, எது நடந்தாலும் முதலில் மணி பார்க்கத்தான் தோன்றும்.

சென்ட் லோரன்ட்டில் உறவினர் வீட்டுக் குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்குப் போய்விட்டு பார்க் எக்ஸ்டென்ஷனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மகன் குகன் ஓட்டினான். அவனருகே மருமகள் ரதி. பின்னால் நானும் ஒன்பது வயதுப் பேத்தி மாலினியும். நடைபாதைப் பக்கத்துக் கதவு என்னுடையது.

"பொலிஸ்" என்றான் குகன். காரை ஓரங்கட்டி நிறுத்தினான். இரண்டு கைகளையும் ஸ்ரியறிங்கின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். அரசாங்க உடுப்புப் போட்டவர்கள் மழையில் நடந்து வர, இவன் மகாராசா மாதிரி இருக்கிறானே என்று எனக்குப் பதறியது. நான் கதவைத் திறந்தேன்.

"அப்பா, இருங்கோ. இறங்காதேங்கோ."

அவன் சொல்லி முடிக்கமுன் என் இரண்டு கால்களும் நடைபாதையில் இருந்தன. கம்பளித் தொப்பியைக் கழற்றி இடக்கையில் எடுத்தேன். குடையை அக்குளுக்குள் இடுக்கினேன். நிமிர்ந்து நின்று "குட் ஈவினிங், சேர்" என்று சொல்லிவிட்டு, வலக்கையை மேலங்கியின் உள்பைக்குள் விட்டேன். ஒட்டாவாவின் குடிவரவுத் திணைக்களம் தந்த கடதாசி அங்கேதான் இருக்கும்.

பொலிஸ்காரர் இருவர். மூத்தவர் குகனின் பக்கம் போனார். இளையவன் என் பக்கம் வந்தான். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. அவன் பிரெஞ்சில் கத்தினான். கடதாசியைத்தான் கேட்கிறான் என்று நினைத்து நான் இன்னும் அவசரமாகத் துழாவினேன். மறுபடி கத்தினான். என் கை இன்னும் ஆழத்துக்குப் போனது. பிறகு அவன் கையில் துப்பாக்கி இருந்தது. அவன் அதை எப்போது எடுத்தான் என்பதை நான் காணவில்லை. மணியைப் பார்த்தவன், தூறலைப் பார்த்தவன், அதை மட்டும் காணவில்லை என்பது இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

அப்போதுதான் மாலினியின் குரல் கேட்டது. திறந்திருந்த கதவுக்குள் இருந்தபடி, வெளியே வராமல், முன்னிருக்கையின் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் எல்லாருக்கும் தெரிய விரித்து வைத்துக்கொண்டு, வகுப்பில் பாடம் ஒப்புவிப்பது போல அவனோடு பிரெஞ்சில் பேசினாள். பிறகு அதே குரலில் எனக்குத் தமிழில்.

"அப்பப்பா, கையை வெளியில எடுங்கோ. கெதியா இல்லை, மெதுவா. ஒண்டையும் பிடிச்சுக்கொண்டு எடுக்காதேங்கோ. விரலை விரியுங்கோ."

விரித்தேன்.

"குடையை விடுங்கோ. விழட்டும்."

குடை விழுந்தது.

"இப்ப அப்பிடியே நில்லுங்கோ. அவர் உங்களிட்ட வரட்டும். நீங்கள் அவரிட்டப் போகாதேங்கோ."

அவர் வந்தார். மேலங்கியைத் தடவினார். கடதாசியையும், இருமல் இனிப்பு ஐந்தையும், பிறந்தநாள் வீட்டில் ஒரு கடதாசித் துவாயில் சுற்றித் தந்த இரண்டு வடைகளையும் எடுத்தார். வடையை மணந்து பார்த்தார். துப்பாக்கியை உறைக்குள் வைக்கப் பார்த்தார்; இரண்டாம் தரம்தான் அது உள்ளே போனது. நான் 'அவன்' என்பதை விட்டு 'அவர்' என்று எழுதத் தொடங்கியது இந்த இடத்தில்தான் என்பதை இப்போது கவனிக்கிறேன். இருக்கட்டும். பயந்தவனுக்குப் பயந்தவன் கொடுக்கும் மரியாதை அது.

2

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் ஏன் இறங்கினேன் என்று விளக்க வேண்டியதில்லை. இங்கே நான் இதுவரை ஏழு பேருக்கு விளக்கிவிட்டேன். ஏழு பேரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஆடிக் கலவரத்தில் குகனின் கடை எரிந்ததோடு அவனும் ரதியும் மாலினியும் 1983 ஐப்பசியிலேயே இங்கே வந்துவிட்டார்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்ள இன்னும் பதினொரு மாதம் அங்கே தங்கினேன். அந்தப் பதினொரு மாதத்தில் பேருந்தில் போன ஒவ்வொரு முறையும் சோதனைச் சாவடியில் இறங்கியிருக்கிறேன். வண்டி நிற்கமுன்பே எழுந்துவிட வேண்டும். பையை இருக்கையிலேயே விட வேண்டும். தொப்பியோ தலைப்பாகையோ இருந்தால் கழற்ற வேண்டும். அடையாள அட்டையை வலக்கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். கேட்ட பிறகு சட்டைப்பையைத் துழாவுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று பொருள்.

எங்களோடு வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவர் முழங்கால் வலி என்று ஒரு நாள் இறங்காமல் இருந்தார். சிப்பாய் ஏறி வந்து துப்பாக்கியின் பின்பக்கத்தால் அதே முழங்காலில் இடித்தான். அதன் பிறகு எங்கள் பேருந்தில் ஒரு பேச்சு உண்டாயிற்று: இறங்கினவனுக்கு ஒரு கேள்வி, இருந்தவனுக்கு ஒரு அடி. சிரித்துக்கொண்டுதான் சொல்வோம். நான் எப்போதும் முதல் மூன்று பேருக்குள் இறங்கிவிடுவேன். அறுபத்திரண்டு வயதில் அது எனக்குச் சிறிய பெருமையாகக்கூட இருந்தது.

இங்கே அதை அப்படியே தலைகீழாக வைத்திருக்கிறார்கள். இருக்கிறவன் நல்லவன். இறங்குகிறவன் ஆபத்தானவன். கையை உள்ளே விடுகிறவன் கொலைகாரன். இதை விமானநிலையத்தில் எழுதி ஒட்டவில்லை. குடிவரவுத் திணைக்களத்துச் சிறுபுத்தகத்தில் பனிக்காலத்துச் சப்பாத்து முதல் பல்வைத்தியர் வரை எல்லாம் இருக்கிறது, இது இல்லை. எல்லாருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் எப்படித் தெரிந்தது?

3

தொலைக்காட்சியால் தெரிந்தது.

எங்கள் தொலைக்காட்சி பதின்மூன்று அங்குலம். வில்லரேயில் ஒரு பழைய சாமான் கடையில் குகன் வாங்கியது. அன்ரெனாவில் உடுப்புக் கொழுவும் கம்பி ஒன்றைக் கட்டி, தெற்கு ஜன்னலோரம் வைத்து, யாரும் குறுக்கே நடக்காமல் இருந்தால், எல்லைக்கு அப்பாலிருந்து அமெரிக்க அலைவரிசைகள் மூன்று வரும். எங்களுக்கு விசா தராத நாடு, விசா இல்லாமல் ஒவ்வொரு மாலையும் எங்கள் வீட்டுக்குள் வந்து குந்தியிருக்கிறது.

எனக்கு இங்கே வேலை குறைவு. மூன்றரைக்கு மாலினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டும். குகன் சென்ட் லோரன்ட்டில் தொழிற்சாலைக்கும் ரதி தையலுக்கும் போனால் ஆறு மணிக்கு மேல்தான் வருவார்கள். அதுவரை அடுப்பு நிற்பாட்டியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தரம் பார்த்தால் எனக்குப் போதாது. மாலினி சோபாவில் கால்நீட்டித் தொலைக்காட்சி பார்ப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பிரெஞ்சு, நிகழ்ச்சியோடு ஆங்கிலம், என்னோடு மட்டும் தமிழ், அதுவும் பசித்தால்தான்.

பங்குனியில் ஒரு கிழமை முழுவதும் அவள் பார்த்த பொலிஸ் நிகழ்ச்சிகளை நானும் பார்த்தேன். நாட்காட்டியின் பின்பக்கத்தில் கணக்கு வைத்தேன். ஏழு நாளில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். ஒருவருக்கும் செத்தவீடு நடக்கவில்லை. அழுதவர்கள் மூன்று பேர். அந்த நாற்பத்தொரு பேரில் வேலை செய்து சம்பளம் எடுக்கிறவர்கள் என்று தெரிந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் எதனால் திருடர் ஆனார்கள், எந்தத் தொழிற்சாலை பூட்டியது, யாருக்கு வாடகை கட்ட முடியவில்லை என்று ஒரு பொலிஸ்காரரும் கேட்கவில்லை. கேட்டால் விளம்பரத்துக்கு நேரம் காணாது. அந்தப் பொலிஸ்காரர்கள் கடதாசி நிரப்புவதில்லை. நீதவான் ஒருவர் வந்தால் அவர் இடைஞ்சல் செய்கிறவராகவே வருகிறார். சட்டத்தை மீறுகிற பொலிஸ்காரன்தான் கதாநாயகன். ஊரில் சட்டத்தை மீறுகிற பொலிஸ்காரனுக்கு நாங்கள் வேறு பெயர் வைத்திருந்தோம்.

நிகழ்ச்சி முடிந்தால் செய்தி. செய்தியில் அந்த நாட்டு ஜனாதிபதி. அவரும் முன்னாள் நடிகர் என்பதால் இரண்டுக்கும் நடுவே மாற்றம் தெரியாது. சென்ற நவம்பரில் தேர்தல் இரவன்று தேசப்படத்தில் மாநிலம் மாநிலமாக ஒரே நிறம் ஏறிக்கொண்டு போனது. ஐம்பதில் நாற்பத்தொன்பது. குகன் கொட்டாவி விட்டான். நான் எழுந்து கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஊரில் எழுபத்தேழில் ஆறில் ஐந்து பங்கு ஆசனத்தோடு வந்த ஒரு அரசாங்கத்தைப் பார்த்தவன் நான். எதிரே ஆள் இல்லாத அரசாங்கம் முதலில் யாரைக் கடிக்கும் என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவிலும் அது ஏற்கெனவே கடித்திருந்தது: எண்பத்தொன்றில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களுக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலத் தவணை கொடுத்து, வராத அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சனங்கள் கைதட்டினார்கள். அவரைத்தான் திரும்பவும் தெரிவுசெய்தார்கள்.

பிறகு மே 13, திங்கட்கிழமை. பிலடெல்பியா நகரத்தில் ஒரு வீட்டுக்குள் இருந்தவர்களைப் பொலிஸ் வெளியே வரச் சொன்னது. அவர்கள் கறுப்பு மக்கள். வரவில்லை. பொலிஸ் ஹெலிகொப்டரில் இருந்து அந்த வீட்டின் மேல் குண்டு போட்டார்கள். தீயை எரிய விட்டார்கள். அறுபதுக்கு மேல் வீடுகள் போயின. உள்ளே பிள்ளைகளும் இருந்தார்கள். நான் சோபாவிலிருந்து எழுந்து, மாலினியைக் குசினிக்கு அனுப்பிவிட்டு, தொலைக்காட்சிக்கு மிகக் கிட்டப் போய் நின்று பார்த்தேன். கிட்டப் போனால் படம் குழம்பும். அது குழம்பியபோதும் பார்த்தேன். ஹெலிகொப்டருக்குக் கீழே வீடு எரிவதை இந்தக் குடும்பத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அது எங்கள் ஊர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். இந்த வீட்டில் பொலிஸ் நிகழ்ச்சி கூடாது. அது நஞ்சு. மாலினி தொலைக்காட்சியை நிறுத்தினாள். நான் முகம் கழுவப் போகும் நேரங்களில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தாள் என்று பிறகுதான் அறிந்தேன்.

பதின்மூன்று நாள் கழித்து அந்த நஞ்சுதான் என்னை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிவந்தது.

இதை நான் பல நாள் புரட்டிப் புரட்டி யோசித்தேன். மேலங்கிக்குள் போகிற கை துப்பாக்கியோடுதான் வெளியே வரும் என்று அந்த இளம் பொலிஸ்காரருக்கு யார் கற்பித்தது? இந்த நகரத்தில் எத்தனை கிழவர்கள் அப்படி எடுத்திருப்பார்கள்? அவருக்கும் அதே அலைவரிசைதான் ஆசிரியர். அதே அலைவரிசைதான் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விரலை விரிக்கவும் குடையை விழவிடவும் கற்பித்தது. சுடுகிறவனுக்கும் பாடம், சுடப்படாமல் தப்புகிறவளுக்கும் பாடம். இரண்டும் ஒரே கொம்பனியின் சவர்க்கார விளம்பரத்தோடு வருகிறது. இதற்காக நான் தொலைக்காட்சிக்கு நன்றி சொல்லப் போவதில்லை. ஒரு பிள்ளைக்கு ஒன்பது வயதில் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்த நாட்டின் மீதான குற்றப்பத்திரிகை. ஆனால் நாற்பத்தொரு பிணத்தை எண்ணிய நான் ஒன்றையும் படிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிலடெல்பியாவில் வெளியே வரச் சொன்னார்கள், வரவில்லை. இங்கே நான் உள்ளே இருக்க வேண்டும், வெளியே வந்தேன். இருப்பதா வருவதா என்பது எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் முடிவாக எழுதப்படவில்லை. ஆயுதம் வைத்திருக்கிறவனின் நெஞ்சுக்குள் எழுதியிருக்கிறது. அவன்தான் அதை வாசித்துச் சொல்ல வேண்டும்.

4

எங்களை மறித்ததற்குக் காரணம் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. குகனுக்கு அதற்கு ஒரு தண்டச் சீட்டு. மூத்த பொலிஸ்காரர் சிறிது யோசித்துவிட்டு எனக்கும் ஒன்று எழுதினார். துப்பாக்கி எடுத்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனால் கணக்கு ஒப்பாது என்று நினைத்திருப்பார். அந்த மனம் எனக்குத் தெரியும், நானும் அரசாங்கத்தில் இருந்தவன்.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்து மாலினி அதை வாசித்துச் சொன்னாள். பொலிஸ் உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை. முப்பது டொலர். கீழே இரண்டு பெட்டிகள்: ஒன்று குற்றவாளி, மற்றது குற்றவாளி இல்லை. முதலாவதில் புள்ளடி போட்டுக் காசை அனுப்பினால் முடிந்தது. இரண்டாவதில் போட்டால் நீதிமன்றத்துக்கு அழைப்பார்கள். ஜூன் பத்தாம் திகதிக்குள் அனுப்ப வேண்டும்.

"கட்டிப்போட்டு விடுவம் அப்பா" என்றான் குகன்.

"கட்டினால் நான் குற்றவாளி எண்டு ஒப்புக்கொண்ட மாதிரி. அதிலயே அச்சடிச்சிருக்கு."

"ஓம், குற்றவாளிதான். சொல்லச் சொல்ல இறங்கின குற்றவாளி."

ரதி சாதாரணமாக எங்கள் இருவருக்கும் நடுவே வரமாட்டாள். அன்றைக்குச் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள். "மாமா, ரீவியில வழக்கு ஒரு மணித்தியாலத்தில முடியும். இங்க அப்பிடி இல்லை."

அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. குகனின் அகதி விண்ணப்ப விசாரணை ஜூன் 18ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. சத்தியம் செய்துவிட்டு அதிகாரி கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சொன்னதைத் தட்டெழுத்தில் அடித்து ஒட்டாவாவுக்கு அனுப்புவார்கள். அங்கே எங்கள் முகத்தைப் பார்த்திராத சிலர் வாசித்துவிட்டு, இருக்கலாமா போக வேண்டுமா என்று சொல்வார்கள். ரதியின் கோப்பும் மாலினியின் கோப்பும் என்னுடையதும் அவன் கோப்போடு சேர்த்துக் கட்டியவை. அவன் இருபது மாதமாக அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தான். இரவில் கண்ணாடி முன் நின்று திகதிகளைப் பாடமாக்குவான்.

புதன்கிழமை நானே சட்ட உதவிக் காரியாலயத்துக்குப் போனேன். ஒரு இளம் பெண் வழக்கறிஞர். என் ஆங்கிலம் கச்சேரிக் கடிதத்தின் ஆங்கிலம், அவருடையது பிரெஞ்சின் மேல் போர்த்திய ஆங்கிலம். இருந்தாலும் பொறுமையாகக் கேட்டார். நீங்கள் வெல்லலாம், மொழி விளங்காதவருக்கு உத்தரவு விளங்கவில்லை என்று நானே வாதாடுவேன் என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் வழக்கு செப்ரெம்பரில்தான் வரும் என்றார். அதற்குள் விசாரணையில் குடும்பத்தில் யார் மேலாவது வழக்கு நிலுவையில் உண்டா என்று கேட்டால் உங்கள் மகன் ஓம் என்று சொல்ல வேண்டி வரும். கட்டிவிட்டால் அது ஒரு வீதித் தண்டம், அவ்வளவுதான். கேட்பார்களா என்றேன். கேட்கலாம், கேட்காமலும் விடலாம் என்றார்.

அன்று மாலை குகனிடம் இதைச் சொன்னேன். வெல்லலாம் என்பதை முதலில் சொன்னேன். அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான், நிமிரவில்லை.

"அண்டைக்கும் ஒரு கடுதாசிதான். ஒரு கையெழுத்து. நீங்கள் வைக்கேல்லை. அம்மாவின்ர காப்பு ரெண்டும் எங்க போச்சுது எண்டு உங்களுக்குத் தெரியும்."

5

அவன் சொன்னது எண்பதாம் ஆண்டு ஜூலை வேலைநிறுத்தம். விலைவாசி ஏறிய அளவுக்குச் சம்பளம் கேட்டு வெளியே வந்தோம். அரசாங்கம் நாங்கள் பதவியை விட்டுவிட்டுப் போனதாகக் கருதியது. எங்கள் அலுவலகத்தில் சில மாதம் கழித்து ஒரு வாசகம் தட்டெழுதி வைத்திருந்தார்கள்: பிறர் தூண்டுதலால் செய்த தவறுக்கு வருந்துகிறேன். கீழே கையெழுத்துப் போட்டவர்களை ஒவ்வொருவராகத் திரும்ப எடுத்தார்கள். நான் போடவில்லை. என்னை ஒருவரும் தூண்டவில்லை. ஊர்வலத்துக்கு ஆட்களை நான்தான் தூண்டினேன். முப்பத்தொரு வருடத்து ஓய்வூதியம் போயிற்று. மனைவியின் காப்புகள் போயின. இரண்டு வருடத்தில் அவளும் போனாள். போடாதது பிழை என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்த நண்பர்களோடு நான் பகைக்கவும் இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் சிறியவர்கள்.

அமெரிக்காவில் அந்த விமான ஊழியர்களை அனுப்பிய செய்தியை அங்கே பத்திரிகையில் வாசித்தபோது, எங்கள் ஜனாதிபதியைப் பார்த்து அந்த ஜனாதிபதி படித்தாரா, இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்தார்களா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் விளக்கில் திரியை ஏற்றிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருக்கும் உங்களைத் தெரியாது. உங்களுக்குத்தான் அவையளைத் தெரியும்" என்றாள்.

அந்தப் புதன் முதல் ஐந்து நாள் அந்தத் தண்டச் சீட்டு குளிர்சாதனப்பெட்டியின் மேல் கிடந்தது. நான் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நித்திரை இல்லை. விளங்காத உத்தரவை மீறியவன் குற்றவாளி என்றால் இந்தத் தெருவில் பாதிப்பேர் குற்றவாளிகள். இதற்கு ஓம் என்று புள்ளடி போட்டால், துப்பாக்கி எடுத்தது சரி என்று நானே எழுதிக் கொடுப்பதாகும். நாளைக்கு இன்னொரு கிழவன் இறங்குவான். அவனோடு பிரெஞ்சு பேசுகிற பிள்ளை இருக்காது. இவ்வளவும் எனக்கு நேராகத் தெரிந்தது. மற்றப் பக்கத்தில் கண்ணாடி முன் நின்று திகதி சொல்கிற மகனும் தெரிந்தான்.

6

ஜூன் 2, ஞாயிறு. சந்தைக்குப் போகக் காரடிக்கு இறங்கினோம். வழக்கத்துக்கு மாறாக மாலினி எனக்கு முன் ஓடிப்போய் ஏறி, நடைபாதைப் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டாள். என்னை மறுபக்கத்தால் சுற்றி வரச் சொன்னாள். அந்தப் பக்கத்துக் கதவு தை மாதக் குளிரிலிருந்து உள்ளேயிருந்து திறக்காது. வெளியேயிருந்து ரதி திறந்து விட்டாள்.

"அது என்ர இடமெல்லோ" என்றேன்.

"இனி இது என்ர இடம்."

"ஏன்?"

"நீங்கள் இறங்கிப்போடுவியள்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கதவின் பூட்டுக் குமிழை அழுத்திவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். சந்தை வரை நான்கு சிவப்பு விளக்குகள். ஒவ்வொன்றிலும் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தாள். ஓரிடத்தில் அம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு எங்களைக் கடந்து போனது. அவள் குமிழைப் பிடித்திருந்த விதத்தில் நகங்கள் வெளுத்தன. மற்றக் கையை என் மேலங்கியின் மேல், சரியாக அந்த உள்பை இருக்கும் இடத்தில், ஊன்றிக்கொண்டிருந்தாள். தெரிந்து ஊன்றினாளா தெரியாமல் ஊன்றினாளா என்று நான் கேட்கவில்லை. குகன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் இதைப் பார்த்தான். நானும் அவன் பார்ப்பதைப் பார்த்தேன்.

சந்தையில் தக்காளி நன்றாக இருந்தது. நான் விலை கேட்க மறந்தேன்.

என் கொள்கை எனக்கு. அதன் கூலியை மனைவி ஒரு முறை கட்டினாள். இப்போது ஒன்பது வயதில் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். வழக்கு செப்ரெம்பரில் என்றால் செப்ரெம்பர் வரை பிடித்துக்கொண்டிருப்பாள்.

அன்று பின்னேரம் பேனையை எடுத்தேன். எந்தப் பெட்டி எது என்று மாலினியைக் கேட்டுத் தெளிந்தேன். அவள் முதலாவதைத் தொட்டுக் காட்டினாள். புள்ளடி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருடம் போட்ட அதே கையெழுத்து. குகன் வந்து பார்த்தான். "நல்லது அப்பா" என்றான். சீட்டை மடித்துக்கொண்டே, "நீங்கள் வெண்டிருப்பியள்" என்றான். அவன் தன் வாயால் அப்படி எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

7

ஜூன் 18. குகன் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு போனான். காலை ஒன்பதே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள், பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க வெளியே வந்தான். நான் நடைகூடத்தில் இருந்த கதிரைகளில் நான்கு கதிரை மாறி மாறி இருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது அவனுக்கு. எல்லாம் கேட்டார்கள் என்றான். ஊர், பள்ளிக்கூடம், கடை எரிந்த நாள், எந்த வழியால் வந்தது, அம்மா செத்த திகதி. என் வேலைநிறுத்தத்தைக்கூடக் கேட்டார்கள். தகப்பனை அரசாங்கம் வேலையால் நீக்கியது ஏன் என்று. அவன் சரியாகச் சொல்லியிருக்கிறான். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், அவர் கொடுக்கவில்லை என்று. அதிகாரி அதை இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாராம். அதை எதற்காக எழுதினார், நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒட்டாவாவிலிருந்து பதில் வரும் வரை விளங்காது.

வீடு வந்து சேரும் வரை அந்தக் கேள்வியைப் பற்றி நான் அவனிடம் நான்கு தரம் கேட்டேன். நிலுவையில் வழக்கு உண்டா என்று கேட்டார்களா? குடும்பத்தில் யார் மேலாவது? பொலிஸ் என்ற சொல்லாவது வந்ததா? வேறு சொல்லில் கேட்டிருப்பார்களோ?

"இல்லை அப்பா" என்றான் நான்காவது தரமும். "அதை ஒருதரும் கேட்கேல்லை."

பொலிஸ் நிகழ்ச்சிச் சட்டத்தை நான் நீக்கிவிட்டேன். மாலினி சத்தத்தோடு பார்க்கிறாள், நானும் பக்கத்தில் இருக்கிறேன். பிணங்களை எண்ணுவதில்லை. கார் நின்றால் யார் இருக்கிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறேன். கதவுப் பக்கத்து இருக்கையை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.

தண்டம் முப்பது டொலர். காசுக்கட்டளைக்கு அறுபது சதம். முத்திரை முப்பத்திரண்டு சதம். ஒருவரும் கேட்காத அந்தக் கேள்விக்கு நான் கொடுத்தது மொத்தம் முப்பது டொலர் தொண்ணூற்றிரண்டு சதம்.